கேஸ் போச்சா, சென்சார் போச்சா?

ஃபிரிட்ஜ் சரியில்லை என்று வீட்டில் முதலில் சொல்வது இட்லி மாவுதான். முந்தின நாள் அரைத்து உள்ளே வைத்த மாவு, காலையில் பாத்திரத்தை மீறி வழிந்திருக்கும். பாலைக் காய்ச்சினால் திரியும். ஆனால் ஃபிரீசரைத் திறந்து பார்த்தால் ஐஸ் கட்டி வழக்கம்போல இருக்கும். இதற்கு நேர் எதிரான புகாரும் உண்டு. கொத்தமல்லிக் கட்டு விறைத்துக் கருத்துப் போகும். வெள்ளரிக்காயை நறுக்கினால் உள்ளே ஐஸ் நொறுங்கும். தண்ணீர் பாட்டில் பாதி உறைந்திருக்கும். கம்ப்ரசர் ராத்திரி முழுக்க நிற்காமல் உறுமிக்கொண்டே இருக்கும்.

முதல் புகாருக்கு மெக்கானிக் சொல்லும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான். "கேஸ் லீக்கு அக்கா, ஃபில் பண்ணிட்டா சரியாயிடும்." இரண்டாவது புகாருக்கு, "போர்டு போச்சு சார்." இரண்டுக்கும் ஆயிரக்கணக்கில் செலவாகும். இரண்டும் உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் இந்த இரண்டு புகாரையும் தனியாளாகவே உண்டாக்கக்கூடிய ஒரு பொருள் ஃபிரிட்ஜுக்குள் இருக்கிறது. சுண்டுவிரல் நுனி அளவுகூட இல்லாத வெப்பநிலை சென்சார் அது. போர்டு, கேஸ் செலவோடு பார்த்தால் அதன் விலை ஒன்றுமே இல்லை. அதைவிட முக்கியமான செய்தி, ஒரு டம்ளர் ஐஸும் ஒரு சாதாரண மல்டிமீட்டரும் இருந்தால் அது நல்லதா கெட்டதா என்று வீட்டிலேயே சொல்லிவிடலாம்.

திருகைத் திருப்பிக் குளிரைக் கூட்டிக் குறைக்கும் பழைய ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜை இங்கே விட்டுவிடுகிறேன். அதில் திருகுக்குப் பின்னால் ஒரு மெல்லிய குழாய்க்குள் வாயு அடைத்திருக்கும். குளிர்ந்தால் வாயுவின் அழுத்தம் குறைந்து ஒரு சுவிட்ச் விலகும், கம்ப்ரசர் நிற்கும். அவ்வளவுதான் அதன் மூளை. நம் பேச்சு, ஐஸ் கட்டாத ஃபிராஸ்ட்ஃப்ரீ வகை இரட்டைக் கதவு ஃபிரிட்ஜைப் பற்றியது. அதில் கம்ப்ரசரை எப்போது ஓட்டுவது, விசிறியை எப்போது சுற்றுவது என்பதையெல்லாம் ஓர் எலக்ட்ரானிக் போர்டு முடிவு செய்கிறது. அந்த போர்டுக்குக் குளிர் என்றால் என்னவென்று தெரியாது. அதற்குத் தெரிந்தது ஒரு மின்னழுத்தம் மட்டுமே.

அந்த மின்னழுத்தத்தை உண்டாக்கித் தருவது தெர்மிஸ்டர். மாங்கனீஸ், நிக்கல், கோபால்ட் போன்ற உலோகங்களின் ஆக்சைடுகளைக் கலந்து சுட்டெடுத்த ஒரு சிறு மணி. அதற்கு இரண்டு ஒயர். எல்லாவற்றையும் மூடி ஒரு பிளாஸ்டிக் அல்லது எபாக்சி உறை. சாதாரண உலோகக் கம்பி சூடானால் அதன் மின்தடை ஏறும். ஃபிரிட்ஜில் இருக்கும் தெர்மிஸ்டர் தலைகீழ்: சூடானால் தடை இறங்கும், குளிர்ந்தால் ஏறும். வெள்ளி சல்பைடில் இந்த விசித்திரத்தை மைக்கேல் ஃபாரடே 1833-லேயே கவனித்துப் பதிவு செய்திருக்கிறார். காரணம் அப்போது யாருக்கும் விளங்கவில்லை. உலோகத்தில் மின்னோட்டத்தைச் சுமக்கும் எலக்ட்ரான்கள் எப்போதும் கட்டவிழ்ந்தே திரிகின்றன. சூடு ஏறினால் அணுக்களின் அதிர்வு அவற்றை இடைமறிக்கிறது. குறைக்கடத்திப் பொருளில் மின்னோட்டத்தைச் சுமப்பவை கட்டுண்டு கிடக்கின்றன. வெப்பம்தான் அவற்றை அவிழ்த்து விடுகிறது. சூடு ஏற ஏறச் சுமப்பவர் எண்ணிக்கை கூடும், தடை விழும்.

எவ்வளவு விழும் என்பதில்தான் இந்தப் பொருளின் அருமை இருக்கிறது. துல்லிய அளவீட்டுக்குப் பேர்போன பிளாட்டினக் கம்பியில் ஒரு டிகிரிக்கு மாறும் தடை 0.4 சதவீதம்கூட இல்லை. தெர்மிஸ்டரில் அறை வெப்பத்தில் 4 சதவீதத்துக்கு மேல், ஃபிரிட்ஜின் குளிரில் ஏறத்தாழ 5 சதவீதம். வீட்டு ஃபிரிட்ஜ்களில் 25 டிகிரி செல்சியசில் 5 கிலோ ஓம் அல்லது 10 கிலோ ஓம் காட்டும் வகைகள் பரவலாக உண்டு. வேறு மதிப்புகளும் இருக்கின்றன. 10 கிலோ ஓம் வகையை எடுத்துக்கொண்டால், உறைநிலையான 0 டிகிரியில் அது 28-லிருந்து 33 கிலோ ஓம் வரை காட்டும். ஃபிரீசரின் மைனஸ் 18 டிகிரியில் 70, 80, 90 என்று எங்கேயோ போய்விடும். இவ்வளவு பெரிய மாற்றத்தைக் கண்டுபிடிக்க விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். அதனால்தான் மலிவான போர்டிலும் இது உட்கார்ந்திருக்கிறது.

போர்டு செய்வது எளிய வேலை. தன்னிடமுள்ள 5 வோல்ட்டை, மதிப்பு மாறாத ஒரு தடைக்கும் தெர்மிஸ்டருக்கும் பங்கு போட்டுக் கொடுக்கிறது. தெர்மிஸ்டரின் பங்குக்கு எத்தனை வோல்ட் வந்தது என்று அளக்கிறது. மாறாத தடை 10 கிலோ ஓம் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே 4 டிகிரி இருக்கும்போது தெர்மிஸ்டர் சுமார் 27 கிலோ ஓம், அதன் பங்கு 3.6 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே. போர்டுக்குள் எழுதி வைத்திருக்கும் அட்டவணை, இந்த வோல்ட் என்றால் 4 டிகிரி என்கிறது. அட்டவணை சொன்னதை போர்டு அப்படியே நம்புகிறது. சரிபார்க்க அதற்கு வேறு வழியில்லை.

பழுதின் கதை இங்கே தொடங்குகிறது. தடை கூடினால் குளிர், குறைந்தால் சூடு என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால், எந்தப் புகார் எங்கிருந்து வருகிறது என்று ஃபிரிட்ஜைத் தொடாமலே பாதி ஊகித்துவிடலாம்.

முதலில் மாவு புளிக்கும் வீடு. சென்சார் ஒயர் போர்டோடு சேரும் வழியில் ஒரு கனெக்டர் இருக்கும். ஈரம் படிந்து படிந்து அதன் பின்னில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். களிம்பு மின்சாரத்தை லேசில் விடாது. அதன் தடை தெர்மிஸ்டரின் தடையோடு கூடிக்கொள்ளும். மொத்தத் தடை ஏறியதால், உள்ளே இருப்பதைவிடக் குளிர் அதிகம் என்று போர்டு நினைக்கும். கம்ப்ரசரைச் சீக்கிரமே நிறுத்திவிடும். கணக்கிட்டுப் பார்த்தால் இது சின்ன விஷயம் இல்லை. மேலே சொன்ன 10 கிலோ ஓம் வகையில், களிம்பு 7 கிலோ ஓம் மட்டும் சேர்த்தால் போதும். உள்ளே உண்மையில் 10 டிகிரி இருக்கும்போது போர்டு 4 டிகிரி என்று நம்பித் திருப்தியோடு ஓய்வெடுக்கும். சமைத்த உணவை 5 டிகிரிக்குக் கீழே வைக்கச் சொல்கிறது உலக சுகாதார அமைப்பு. 10 டிகிரியில் மாவு பொங்குவது நமக்குக் கண்ணில் தெரிகிறது. மீதி வைத்த குழம்பில் என்ன பெருகுகிறது என்பது தெரிவதில்லை.

அடுத்து கொத்தமல்லி உறையும் வீடு. இங்கே ஈரம் கனெக்டரில் நிற்காமல் தெர்மிஸ்டரின் உறைக்குள்ளேயே போயிருக்கும். குளிரும்போது உறைக்குள் இருக்கும் துளிக் காற்று சுருங்கி, வெளியே உள்ள ஈரக்காற்றை விரிசல் வழியாக உள்ளே இழுக்கும். அந்த ஈரம் உறையும். நீர் உறைந்தால் ஏறத்தாழ 9 சதவீதம் பருக்கும். விரிசல் இன்னும் அகலும். கதவைத் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் புதிய ஈரம் வரும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களில் காற்றிலேயே தண்ணீர் தொங்கிக்கொண்டிருப்பதால் இது இன்னும் சுலபம். உள்ளே போன ஈரம், தெர்மிஸ்டரின் இரண்டு ஒயருக்கும் நடுவே ஒரு குறுக்கு வழியைத் திறக்கிறது. மொத்தத் தடை இறங்குகிறது. உள்ளே சூடு என்று போர்டு முடிவு கட்டி, கம்ப்ரசரை விடாமல் ஓட்டுகிறது. காய்கறி உறையும் அளவுக்குக் குளிர் அடிக்கிற ஃபிரிட்ஜில் கேஸ் போய்விட்டது என்று யாராவது சொன்னால் நம்பவே வேண்டாம்.

ஒயர் அறுந்தே போய்விட்டால் என்ன ஆகும்? தடை முடிவிலி. அந்தக் கணக்குப்படி ஃபிரிட்ஜுக்குள் உலகத்தில் இல்லாத குளிர் இருக்க வேண்டும். இரண்டு ஒயரும் ஒட்டிக்கொண்டால் தடை பூஜ்யம், நினைத்துப் பார்க்க முடியாத சூடு. இரண்டுமே நடக்காத காரியம் என்பது போர்டுக்கும் தெரியும். அதனால் பல போர்டுகள் திரையில் ஒரு குறியீட்டைக் காட்டிவிட்டு, அல்லது ஒரு சிறு விளக்கை இத்தனை முறை சிமிட்டிவிட்டு, இவ்வளவு நேரம் ஓடு, இவ்வளவு நேரம் நில் என்று கம்ப்ரசரைக் கடிகாரக் கணக்கில் ஓட்டத் தொடங்கும். ஆக, சென்சார் அடியோடு செத்தால் ஃபிரிட்ஜ் அதைச் சொல்லிவிடும், ஓரளவு சமாளிக்கவும் செய்யும். அரைகுறையாகக் கெட்டு, நம்பும்படியான பொய்யைச் சொல்லும் சென்சார்தான் ஆளை அலைக்கழிக்கும். திரையில் பிழைக் குறியீடு எதுவும் வரவில்லை, ஆகவே சென்சார் நன்றாக இருக்கிறது என்று சொல்பவர் இதை யோசிக்கவில்லை.

இன்னொரு சென்சாரும் உண்டு. அது செய்யும் குறும்பு வேறு மாதிரி. ஃபிரீசரின் பின்பலகைக்கு அந்தப் பக்கம் குளிர்விக்கும் காயில் இருக்கிறது. காற்றில் உள்ள ஈரம் அதன்மேல் ஐசாகப் படியும். அதனால் சில மணி நேரத்துக்கு ஒருமுறை போர்டு கம்ப்ரசரை நிறுத்திவிட்டு, காயிலுக்கு அடியில் இருக்கும் ஹீட்டரை எரியவிடும். ஐஸ் உருகிக்கொண்டிருக்கும்வரை காயிலின் வெப்பநிலை 0 டிகிரியை ஒட்டியே நிற்கும். எல்லாம் உருகிய பிறகுதான் மேலே ஏறும். அந்த ஏற்றத்தைக் கண்டுபிடித்து "போதும், அணை" என்று சொல்வதே காயிலில் மாட்டியிருக்கும் டிஃப்ராஸ்ட் சென்சாரின் வேலை. இது ஈரம் குடித்து, இருப்பதைவிடச் சூடாகக் காட்டினால், ஐஸ் பாதி உருகும்போதே ஹீட்டர் அணைந்துவிடும். மிச்ச ஐஸ் அங்கேயே தங்கும். அடுத்த முறை இன்னும் கொஞ்சம். கடைசியில் காயில் முழுவதும் ஐஸ் சுவராகி, விசிறிக் காற்று கீழே உள்ள அறைக்குப் போக வழியே இருக்காது. மேலே ஃபிரீசர் கெட்டியாக உறைந்திருக்கும், கீழே மாவு புளிக்கும்.

இந்தப் பழுதுக்கு ஓர் அடையாளம் உண்டு, அதை எல்லோரும் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. ஊருக்குப் போகும்போது ஃபிரிட்ஜை அணைத்துவிட்டுப் போய், வந்து போட்டால் நன்றாகக் குளிரும். சில நாள் கழித்து மறுபடியும் பழைய கதை. அப்படி நடந்தால் காயிலில் ஐஸ் சேருகிறது என்று பொருள்; பார்க்க வேண்டியது டிஃப்ராஸ்ட் சென்சார், ஹீட்டர், அதன் ஃபியூஸ். கசிந்துபோன கேஸ் நாம் ஓய்வு கொடுத்தோம் என்பதற்காகத் திரும்பி வராது.

சென்சாரைக் கழற்றுமுன் ஒரு வேலை பாக்கி. உள்ளே உண்மையில் எத்தனை டிகிரி என்று தெரிய வேண்டும். கதவைத் திறந்ததும் காற்றின் வெப்பநிலை துள்ளிவிடும் என்பதால் காற்றை அளப்பதில் பயனில்லை. நடுத்தட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்து, அதில் தெர்மாமீட்டரைப் போட்டு, ராத்திரி முழுக்க விட்டுக் காலையில் பாருங்கள். 2-லிருந்து 5 டிகிரிக்குள் இருந்தால் ஃபிரிட்ஜின்மேல் குற்றமில்லை. அதைவிட அதிகமாக இருந்தாலும் உடனே சென்சாரைத் திட்ட வேண்டாம். காற்று வரும் துவாரத்தை மறைத்துக்கொண்டு பெரிய பாத்திரம் உட்கார்ந்திருக்கலாம், கதவு ரப்பர் கிழிந்திருக்கலாம், பின்பக்கக் கம்பியில் தூசி அப்பியிருக்கலாம். இவையெல்லாம் காசில்லாமல் பார்க்கக்கூடியவை. இவற்றை முதலில் முடித்துவிடுங்கள்.

இனி டம்ளர் பரிசோதனை. பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட வேண்டும். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. கீழ் அறையின் சென்சார் பெரும்பாலும் உள்சுவரில் ஒரு சிறு பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னால் இருக்கும். மூடியை மெல்ல நெம்பினால் வெளியே வரும். கனெக்டரைக் கழற்றுங்கள். மீட்டரை 200 கிலோ ஓம் அளவில் வைத்து, இரண்டு முனையிலும் புரோபைத் தொடுங்கள். புரோபின் உலோக நுனியை இரண்டு கை விரலாலும் சேர்த்துப் பிடிக்கக் கூடாது. ஈரக் கையின் தடையும் சில பத்து கிலோ ஓம் அளவுக்கு இறங்கக்கூடியதுதான், அதுவும் கணக்கில் கலந்து எண் கெட்டுவிடும்.

சென்சார் அறை வெப்பத்துக்கு வரும்வரை பொறுத்து ஒரு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு சென்சாரின் தலையை உள்ளங்கைக்குள் பொத்திப் பிடியுங்கள். எண் நிதானமாக, ஒரே சீராக இறங்க வேண்டும். 10 கிலோ ஓம் வகை என்றால் 7 கிலோ ஓமை ஒட்டி வந்து நிற்கும். இறங்காமல் அப்படியே நின்றாலோ, ஏறி இறங்கித் தத்தளித்தாலோ சென்சார் முடிந்தது. சீராக இறங்கியது என்றால் அடுத்தது ஐஸ். டம்ளர் நிறைய ஐஸை நொறுக்கிப் போட்டு, அது மூழ்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றிக் கலக்குங்கள். ஐஸும் தண்ணீரும் சேர்ந்து இருக்கும்வரை அந்தக் கலவை 0 டிகிரியில்தான் நிற்கும். கோடையோ மார்கழியோ, வித்தியாசம் கிடையாது. எந்தக் கடையிலும் காசு கொடுத்து வாங்கத் தேவையில்லாத துல்லியமான அளவுகோல் இது. சென்சாரின் தலை மட்டும் நடுவில் முங்கியிருக்கட்டும். கனெக்டர் நனையக் கூடாது. சில நிமிடத்தில் எண் ஓரிடத்தில் நிலைக்கும்.

ஃபிரிட்ஜின் சர்வீஸ் அட்டவணை கிடைத்தால் 0 டிகிரிக்கான எண்ணோடு ஒப்பிடலாம். கிடைக்காவிட்டாலும் பாதகமில்லை. 25 டிகிரியிலிருந்து 0 டிகிரிக்கு வந்தால் தடை ஏறத்தாழ மூன்று மடங்காக வேண்டும். அறை 32 டிகிரி என்றால் நான்கு மடங்குக்குக் கிட்ட. 10 இருந்தது 30-ஐ ஒட்டி வந்தால் சென்சார் நல்லது. 15-லோ 18-லோ நின்றுவிட்டால் உள்ளே ஈரம் புகுந்துவிட்டது, மாற்ற வேண்டியதுதான். வெயிலில் காயவைத்தால் சில நாள் சரியாக வேலை செய்யும், அதை நம்பி மறுபடி மாட்டுவது வீண் வேலை.

சென்சார் நல்லது, புகார் மட்டும் தீரவில்லை என்றால் ஒயரைப் பார்க்க வேண்டும். போர்டு முனையில் கனெக்டரைக் கழற்றி அங்கிருந்து அளந்தால் சென்சாரும் ஒயரும் சேர்ந்த தடை தெரியும். சென்சார் பக்கத்தில் அளந்ததற்கும் இதற்கும் வித்தியாசம் இருக்கவே கூடாது. இருந்தால் களிம்புதான். ஆனால் போர்டு இருக்கும் பெட்டியைத் திறப்பதை மெக்கானிக்கிடம் விட்டுவிடுவது நல்லது. இன்வெர்ட்டர் வகைப் போர்டில் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கும். டிஃப்ராஸ்ட் சென்சாரைத் தேடி ஃபிரீசர் பலகையைக் கழற்றுபவர் யாராக இருந்தாலும், ஐஸைக் கத்தியால் குத்திப் பெயர்க்கக் கூடாது. இப்போது வரும் பெரும்பாலான வீட்டு ஃபிரிட்ஜ்களில் இருப்பது ஐசோபியூட்டேன் என்ற ஆர்-600ஏ வாயு, எரியக்கூடியது. காயிலில் ஒரு துளை விழுந்தால், இல்லாத கேஸ் லீக் உண்மையாகவே வந்துவிடும்.

புதிய சென்சார் வாங்கும்போது ஒரு வம்பு காத்திருக்கிறது. 5 கிலோ ஓம் வகையும் 10 கிலோ ஓம் வகையும் பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருக்கும், கனெக்டரும் சில சமயம் கச்சிதமாகப் பொருந்தும். 10-க்குப் பதில் 5-ஐ மாட்டினால், உள்ளே 4 டிகிரி இருக்கும்போது போர்டுக்கு அது 18 டிகிரியாகத் தெரியும். கம்ப்ரசர் நிற்கவே நிற்காது, வீட்டில் உள்ள அத்தனை காயும் உறையும், கடைசியில் பழி போர்டின்மேல் விழும். 25 டிகிரி மதிப்பு ஒன்றாக இருந்தாலும், குளிரக் குளிரத் தடை ஏறும் வேகம் வகைக்கு வகை மாறும். அதனால் மாடல் எண்ணைச் சொல்லி அதற்கென்று உள்ளதையே வாங்க வேண்டும். ஒயரை வெட்டி இணைக்க நேர்ந்தால், முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றுவது ஃபிரிட்ஜுக்குள் ஆகாது. ஈரம் டேப்புக்குள் புகுந்து அங்கேயே களிம்பு கட்டும். ஒயரை வெளியே இழுத்துச் சால்டர் வைத்து, சூடு காட்டினால் சுருங்கி இறுகும் ஸ்லீவ் போட்டு மூடச் சொல்லுங்கள்.

எல்லோரும் மல்டிமீட்டர் வாங்கி உட்கார வேண்டும் என்பதில்லை. நல்ல மெக்கானிக் ஒவ்வொருவரிடமும் அது இருக்கிறது; பையிலிருந்து வெளியே எடுக்கத்தான் நேரம் இருப்பதில்லை. அடுத்த முறை யாராவது கேஸ் என்றோ போர்டு என்றோ சொன்னால், ஒரு டம்ளர் ஐஸை அவர் முன்னால் வைத்து, சென்சாரை அதில் போட்டு எத்தனை கிலோ ஓம் காட்டுகிறது என்று அளக்கச் சொல்லுங்கள். அந்த எண்ணைப் பில்லிலும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.